ஊறுகாய்ச் சாயம் ஏறிய புறா வளையங்கள்

மீனா துறைமுகம், திரிப்போலி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மைஸாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம், இன்று காலையிலிருந்து ஃபிரிட்ஜும் சுகம். நீயும் உன் ரோட்டர்டாம் மழையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போனில் நீ சொல்லும் "எல்லாம் ஓகேம்மா"வை நான் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவு நாளாக எங்களிடமிருந்து ஏன் போன் இல்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். வீட்டில் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் இன்டர்நெட் இல்லை. கரண்ட் இல்லாததற்குக் காரணம் ஒரு புறா. முழுக்கதையையும் போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் கடிதம்.

பின்பக்க பால்கனியில் அப்பா வைத்திருக்கும் பட்டறை உனக்குத் தெரியும். அனோடைசிங் என்று நீதான் பெயர் சொல்லிக் கொடுத்தாய், இங்கே அதற்கு ஊறப்போடுவது என்று பெயர். மொட்டைமாடியில் கிடந்த பழைய டிவி ஆன்டெனாக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, அரத்தால் ராவி, அலுமினியக் கம்பியில் கோத்து, தண்ணீர் கலந்த பேட்டரி ஆசிட்டில் தொங்கவிட்டு, கார் பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். குமிழி வரும். அலுமினியம் தோல் வளர்க்கிறது, சத்தம் போடாதே என்பார். அந்தத் தோல் பஞ்சு மாதிரி சாயத்தைக் குடிக்கும், பிறகு கொதிநீரில் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். கொதிக்க வைப்பது நான் முட்டைக்கோஸ் சுருள் வேகவைக்கும் பாத்திரத்தில். அதைப் பற்றி எழுதினால் கடிதம் முடியாது.

இப்படிச் செய்த வளையங்கள் போன வசந்தத்தில் இரண்டு பேருடைய புறாக் குஞ்சுகளின் காலில் ஏறின. ஒருவர் நம் மேல்மாடி அபூ சுஹைல், இன்னொருவன் எதிர்க்கட்டிடத்து ரியாத். இரண்டு பேரும் மொட்டைமாடியிலிருந்து புறாக் கூட்டம் பறக்க விடுகிறவர்கள். தங்களுக்குள் சமாதானம் பேசி வைத்திருக்கிறார்கள், அவன் புறா இவர் மாடியில் இறங்கினாலும் இவர் புறா அவன் மாடியில் இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாருடையது என்று தெரிய அபூ சுஹைலுக்குச் சிவப்பு வளையம், ரியாதுக்கு நீலம். கடையில் சாயம் வாங்கித் தொலையுங்கள் என்றேன். வாத்தியார் வேலையில் மிச்சமான பேனா மை வீட்டிலேயே இருக்கிறதே என்றார். நீலம் அப்படி வந்தது. சிவப்புக்கு, டர்னிப் ஊறுகாய்க்காக நான் பீட்ரூட் போட்டு வைத்திருந்த தண்ணீரைத் திருடினார். மனிதன் தின்கிற சாயம் உலோகத்துக்கு ஆகாதா என்று என்னையே கேட்டார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மொட்டைமாடி வெயிலில் ஒரு கோடை போனதும் நீலமும் சிவப்பும் வெளுத்து, எல்லாம் ஒரே சாம்பல். நான் பாத்திரத்தைச் சீக்கிரம் பிடுங்கிக்கொண்டதால்தான் வாய் சரியாக மூடவில்லை என்பது அவர் கட்சி.

இந்த நிலைமையில் அபூ சுஹைலின் கொண்டைப் பெட்டை காணாமல் போனது. கறுப்பு உடம்பு, வெள்ளை வால், தலையில் கொண்டை, அவர் அதை மருமகளைவிட நன்றாக நடத்துவார். அது ரியாத் மாடியில் இருந்தது. போய்க் கேட்டால், "என்னண்ணே, இது என் புறா. நேத்து ஊர் சுத்திட்டு இன்னைக்கு வீட்டுக்கு வந்திருக்கு. வேணும்னா வளையத்தப் பாருங்க" என்றானாம். வளையமோ சாம்பல். ஒரே ஜோடியின் குஞ்சுகள் இரண்டு மாடியிலும் வளர்வதால் முகஜாடையும் ஒன்று. பறக்க விட்டால் தன் வீட்டுக்குத் தானே போகாதா என்று நான் கேட்டேன். அதற்குள் ரியாத் இறகைப் பிடுங்கிவிட்டான், புதிதாக முளைக்கும்வரை அது கோழிதான். இரண்டு பேரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். அடுத்தவன் புறாவை அமுக்கிவிட்டுப் பொய் சொல்கிறவன் என்று பெயரெடுத்த புறாக்காரன் சத்தியத்தை இந்த ஊரில் யார் நம்புவார்கள்? பத்திரிகைக்காக நான் கோர்ட்டில் உட்கார்ந்த காலத்தில், சாட்சியிடம் புறா வளர்க்கிறாயா என்று கேட்டு, ஆமாம் என்றதும் வீட்டுக்கு அனுப்பிய நீதிபதியையே பார்த்திருக்கிறேன். ஆகவே தெரு கூடி, புறா வளர்க்காத, வளையம் செய்த ஆள் ஒருவர்தான் என்று உன் அப்பாவைப் பிடித்தது.

எங்கள் நிலையை யோசித்துப் பார். தெருவுக்கே ஜெனரேட்டர் வைத்திருப்பவன் ரியாத். நம் தண்ணீர்த் தொட்டியின் வால்வு இருப்பது அபூ சுஹைலின் கூண்டுக்குப் பின்னால். அரசாங்கக் கரண்ட் தூரத்து உறவினர் மாதிரி, வந்ததும் கிளம்பிவிடும். இருதலைக் கொள்ளி எறும்பாக அப்பா அடுப்படியில் வந்து நின்றார். நான் ஒளிக்காமல் சொன்னேன், "தண்ணிய வாளில தூக்கிக்கலாம், கரண்ட வாளில தூக்க முடியாது. கண்ணாடி போடாம பாருங்க." தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் புறா ரியாதிடமே இருக்கும், ஃபிரிட்ஜும் ஓடும்.

முன்னறையில் எல்லோருக்கும் காபி வைத்தேன். ரியாத் புறாவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அபூ சுஹைல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழம் அழுதுவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. அப்பா வெட்டுக்குறட்டைக் கொண்டு வந்தார். வளையத்தின் வெளிப்பக்கம்தான் வெயில் பார்த்தது, உள்பக்கம் காலை ஒட்டிக் கிடந்ததால் நிறம் அங்கே மிஞ்சியிருக்கும், வெட்டித்தான் பார்க்க முடியும் என்றார். வெட்டினார். ஜன்னலுக்குப் போனார். நான் வேண்டுமென்றே இருமினேன். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது எங்க வீட்டு ஊறுகாய்" என்றார்.

"வாத்தியாரே, நல்லாப் பாருங்க. நீலம் கொஞ்சம் ஊதாவாக்கூட மாறியிருக்கும்ல" என்றான் ரியாத். "முப்பது வருஷம் வகுப்புல மேப்புல கடலையும் பாலைவனத்தையும் பிரிச்சுக் காட்டினவன் தம்பி நான். புறாவக் குடுத்துடு" என்றார் அப்பா. ரியாத் புறாவைக் கொடுத்தான், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். இங்கே அதற்கு உறவு முறிந்தது என்று அர்த்தம், நீ மறந்திருக்க மாட்டாய். மாலைத் தொழுகைக்கு முன்பே நம் லைன் செத்தது.

அந்த நாட்களை வர்ணிக்கப் போவதில்லை. கறியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன், பாலாடைக்கட்டி தானாகவே கிளம்பிப் போகப் பார்த்தது. நான் பேசவில்லை, அதாவது அப்பாவிடம் பேசவில்லை, அவரைப் பற்றி நிறையப் பேசினேன். அவர் இருட்டில் உட்கார்ந்து, "கண்ணாடி இல்லாமயே தெரிஞ்சுதுடி, அவ்வளவு சிவப்பு" என்பார்.

நம்மைக் காப்பாற்றியது நியாயம் இல்லை, வெளுத்த வளையம்தான். சாயம் போன கதை துறைமுகம் வரை பரவி, ரியாத் மாடியிலிருந்து வழிதவறிய புறாவை எல்லாம் கண்டவன் தன்னுடையது என்று அமுக்க ஆரம்பித்தான். புது வளையம் வேண்டுமென்று அவன் மனைவி வந்து கேட்டாள். அப்பா ரொம்ப மரியாதையாக, "செய்யலாம்மா. ஆனா கரண்ட் நிக்காம ஓடினாத்தான் தோல் வளரும். எங்க வீட்டுலதான் கரண்டே இல்லையே" என்றார். இன்று காலை ரியாதே குறட்டோடு வந்து லைனை மாட்டினான். ஒயரை எலி கடித்துவிட்டதாம். "பெரிய எலிதான்" என்றேன். "ஆமாக்கா, இந்தத் தெரு எலிக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றான். காபி கொடுத்தேன், கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். மத்தியானம் அபூ சுஹைல் நன்றி சொல்ல வந்தார், கையில் வாழைப்பழப் பெட்டி. பழம் என்று நினைத்து வாங்கினேன், உள்ளே ஒரு ஜோடிப் புறா. திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லத் திரும்பினேன், உன் அப்பா அதற்குள் பெட்டியோடு மாடிப்படியில். இப்போது மேலே என் நல்ல மேசைவிரிப்பைக் கழியில் கட்டி வீசி விசிலடிக்கிறார். எதிர்மாடியிலிருந்து ரியாத், "இனிமே உங்க சாட்சி செல்லாது வாத்தியாரே" என்று கத்தினான். தெருவே சிரித்தது, அப்பாதான் பலமாகச் சிரித்தார்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விட்டுச் சைக்கிளில் போகாதே. அலுமினியத்துக்கென்றே விற்கும் வெளுக்காத சாயம் இரண்டு நிறத்தில் உன்னை வாங்கி அனுப்பச் சொல்கிறார் அப்பா. மூன்றாக அனுப்பு, நம் ஜோடிக்கும் ஒன்று வேண்டும். அல்லாஹ் உன்னை நோயில்லாமல், இருட்டில்லாமல், நல்ல அக்கம்பக்கத்தோடு வாழ வைப்பானாக.

முக்கியமான ஒன்று. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். ஆனால் இது புறாக்காரர் வாக்குமூலம். நீயே கூப்பிட்டு, மாத்திரை அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா விதாத்