தற்காலிகமாகக் கிழக்கு வராந்தாவில்

மார்ச் 3

நிறுவன வரலாற்றில் இன்று குறிப்பிடத்தக்க நாள். நிர்வாகக் குழு காலை முழுவதும் கூடி விவாதித்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் ஒருமனதாக முடிவெடுத்தது: தம்பியின் புதிய அறைக் கதவில் பித்தளைப் பெயர்ப்பலகையே மாட்டப்படும், பிளாஸ்டிக் அல்ல. பிளாஸ்டிக் என்றால் தண்டனைபோல் தெரியும் என்று இயக்குநர் அஞ்சினார். குழுவும் அவ்வாறே அஞ்சியது. பணியாளர் பிரிவின் தலைவி என்ற முறையில் நான் அந்த அச்சத்தைக் குறித்துக்கொண்டேன்.

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. இயக்குநரின் வகுப்புத் தோழர், எல்லோருக்கும் தம்பி. எங்கள் ஆய்வு நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தார். ஜனவரியில் ஒரு பெரிய அறிஞர் இங்கே உரையாற்றும்போது ஆய்வகத்து வாயு எச்சரிக்கை மணி குறுக்கே கத்திற்று. விருந்தினர் முகம் சுளித்தார். தம்பி மணியின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். உரை சிறப்பாக முடிந்தது. ஒயரைத் திரும்ப மாட்டும் நினைவு அவருக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி உள்ளறையில் மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தாள். மணமில்லாத வாயு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள், பாவம் தூங்குகிறாள் என்று குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். அவள் எழவே இல்லை.

தம்பி இனி "முதுநிலை ஆலோசகர்". கிழக்கு வராந்தாவில் அறை. எங்கள் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அனுப்ப வேண்டியவர்களுக்குக் கிழக்கு வராந்தா.

மார்ச் 5

மாணவியின் அம்மா வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். நஷ்டஈடு வாங்க மறுத்துவிட்டவர். நான் விசாரணை நடைமுறையை விளக்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்த ஆள வேலைய விட்டு எடுத்தீங்களா, இல்லையா?"

"பொறுப்பிலிருந்து மாத்திட்டோம்."

"எங்க மாத்துனீங்க?"

"மேல."

"மேலயா!" என்றார். பிறகு நிதானமாக, "எடுத்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வருவேன்" என்றார்.

மார்ச் 6

பலகை நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கிழக்கு வராந்தாவுக்குப் போனேன். தடித்த கம்பளம், காலடி கேட்பதில்லை. எல்லாக் கதவுகளும் ஒரே அளவு திறந்திருந்தன, ஒரு கை நுழையும் அளவு. முதல் அறையில் பழைய நூலகர். கூரை ஒழுகுகிறது என்று ஊரே சொல்லியும் அசையாமல் இருந்து, அரிய நூல்களையெல்லாம் கூழாக்கியவர்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"வந்து ஒரு வாரம்தான் ஆகுது. தற்காலிகம்தான்."

அவர் அங்கே போனபோது நான் சாதாரண உதவியாளர். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, என் மகளே காலேஜ் முடித்துவிட்டாள்.

அடுத்த அறையிலும் அதே பதில். அதற்கடுத்ததிலும். குரல்கூட ஒன்றே போல —

சரி, வராந்தாவின் எதிரொலியாக இருக்கும்.

மார்ச் 10

வீட்டுக்காரருக்கு அச்சகம். சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தர வீட்டுக்கு அனுப்ப உங்களுக்குக் குழு, துணைக்குழு! என் கடையில மெஷின ஓடவிட்டுட்டு வெளிய போனானே ஒருத்தன், பக்கத்துல நின்னவன் விரல் போச்சு. அன்னைக்கே அனுப்பிட்டேன்."

"அவன் அழலையா?"

"அழுதான். நானும்தான் அழுதேன். அதுக்காக? அனுப்பிட்டேன்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே, "குழம்ப இந்தப் பக்கம் தள்ளு, மேதை" என்றார். மேதைகள் நிறைந்த இடத்தில் வேலை செய்வதால் எனக்கு வீட்டில் அந்தப் பெயர்.

மார்ச் 17

குழு கூடியது. முதுநிலை ஆலோசகருக்கு ஏதாவது கடமை வேண்டுமாம். சும்மா உட்காரவைத்தால் அவமானம். ஆகவே ஆய்வகத்தை மறுபடி திறக்கலாமா என்று சோதித்துச் சான்று தரும் பொறுப்பை அவருக்கே கொடுத்தார்கள். "பாதுகாப்புல அவர் அளவுக்கு அனுபவம் யாருக்கு இருக்கு?" என்றார் இயக்குநர். யாரும் சிரிக்கவில்லை. நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். நிஜமாகவே சிரிக்கவில்லை.

"அவரை நீக்கணும்" என்றேன்.

அந்தச் சொல் அந்த அறையில் இதற்கு முன் ஒலித்ததில்லை என்று நினைக்கிறேன். யாரோ பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

"ரொம்ப தைரியம்மா உங்களுக்கு" என்றார் இயக்குநர். முகத்தில் உண்மையான அன்பு. பித்தளைப் பலகையைப் பற்றிப் பேசியபோதும் இதே முகம்தான்.

மார்ச் 24

அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். "ஆய்வகம் திறக்கறதுக்குள்ள அவர அனுப்பிடுவேன்." வாய் தவறி வந்ததல்ல. தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ கூடப் படிச்ச பிள்ளைங்க இன்னும் அதே ரூம்ல வேலை பார்க்கணும்லம்மா" என்றார்.

ஏப்ரல் 2

பணிநீக்க ஆணையை எழுதி முடித்தேன். இரண்டே வரி. எங்கள் நிறுவனத்தில் இவ்வளவு சுருக்கமாக எதுவும் எழுதப்பட்டதில்லை. படிக்கவே அநாகரிகமாக இருந்தது.

மாலை தம்பியே என் அறைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"எழுதிட்டீங்களாமே மேடம். சீக்கிரம் குடுத்துடுங்க."

"நீங்களா சொல்றீங்க?"

"தப்பு என்னுதுதான். ஒயர எடுக்கச் சொன்னது நான்தானே. ஒருத்தராவது என்னத் திட்டுவாங்கன்னு பார்த்தேன். பலகைக்குப் பாலிஷ் போடுறாங்க." குரலை இறக்கினார். "அங்க மத்தியானத்துல சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுறாங்க மேடம். என் குரல்ல. நான் சொல்ல வர்றத எனக்கு முன்னாடியே சொல்லிடுறாங்க."

"நீங்களே ராஜினாமா பண்ணலாமே?"

"எழுதுறேன். ஒவ்வொரு நாளும் உக்காந்து எழுதுறேன். சாயந்திரம் பார்த்தா நன்றிக் கடிதமா இருக்கு." எழுந்து நின்றார். "என்ன வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஏப்ரல் 3

ஆணையை இயக்குநரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பியே கேக்கறார் சார்."

"பாவம், மனசு சரியில்ல அவனுக்கு. இப்படிப்பட்ட நேரத்துல கைவிடலாமா?" பிறகு என்னையே பார்த்துக்கொண்டு, "நம்ம நிறுவனத்துல பொறுப்புணர்வுக்குன்னு தனியா ஒருத்தர் இல்லாததுதான் குறை. இதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார்.

ஏப்ரல் 7

ஒருமனதாக முடிவு. நிறுவனத்தின் முதல் "பொறுப்புணர்வு ஆலோசகர்" நான். கை தட்டினார்கள். பணியாளர் பிரிவை வேறொருவர் பார்த்துக்கொள்வார். ஆணை உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்.

"எனக்கு எங்க சார் ரூம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"தற்காலிகம்தான்மா" என்றார்.

வேலையை விட்டுவிடலாமா? விட்டால் அந்த அம்மாவுக்குச் சொன்ன வார்த்தை என்னாவது? உள்ளே இருந்தால்தானே ஏதாவது செய்ய முடியும். — இதை நூலகரும் ஒரு நாள் சொல்லியிருப்பாரோ?

ஏப்ரல் 9

பித்தளைதான். நேராக இருக்கிறது.

ஏப்ரல் 10

கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கை நுழையும் அளவு திறந்திருக்கிறது.

நவம்பர் 20

அறை பழகிவிட்டது. வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

காலையில் வீட்டுக்காரர் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். இந்தச் சித்திரை வெயிலுக்கு எதற்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்மா, அந்த வேலைய விட்டுடேன்" என்றார். மேதை என்று கூப்பிடவில்லை. அவருக்கு என்ன வருத்தமோ.

வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா வந்திருக்கிறாராம். நாளை போய்ப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ என் குரலில் நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி இப்போது தெளிந்துவிட்டார். சிரித்த முகம். ஆய்வகத்தைத் திறக்கச் சான்று எழுதிக் கொண்டுவந்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே பொறுப்புணர்வு ஆலோசகரின் கையெழுத்தும் வேண்டுமாம். மணியைப் பற்றி ஏதோ கேட்க நினைத்தேன். கையெழுத்தைப் போட்டேன்.

நவம்பர் 27

திங்களன்று ஆய்வகம் திறந்தது. இன்று மதியம் உள்ளறையில் மாணவர்கள் இருவர் மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தார்கள். மணி அடிக்கவில்லை.