கும்பகோணத்துச் சீனக்காரம்மா

அக்கா,

எப்போதும் போல முதலில் பிள்ளைகள் சங்கதி. பெரியவளின் மகள் ஐந்தாம் ஆண்டை வகுப்பில் முதலாவதாக முடித்துவிட்டாள். நான் நின்றுபோன படியை அவள் தாண்டப் போகிறாள். அவள் தம்பி ஓட்டப்பந்தயத்தில் கிண்ணம் வாங்கினான். இனி அதில்தான் தண்ணீர் குடிப்பானாம், வீட்டில் ஒரே அடம். நடுவுள்ளவள் ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் தாதிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். சின்னவன் மின்சார வேலைக்கு உரிமம் எடுத்துவிட்டான். அவன் மகள் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை, அதற்குள் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. அவர்களே சொல்லட்டும் என்று நிற்பேன்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். இனிமேல்தான் கை ஓடவில்லை.

மேசையில் அந்த நாவல் கிடக்கிறது. இந்த வருஷம் வந்த மறுபதிப்பு. அட்டையைத் திறந்தால் பசையும் மையும் மணக்கிறது. நம் காலத்துப் பிரதி அப்படியா இருந்தது? ஈப்போ வாடகைப் புத்தகக் கடையிலிருந்து சம்பள ஞாயிறுதோறும் நீங்கள் கொண்டுவருவது எல்லாம் பல வீட்டு எண்ணெய்க் கறையோடுதான் வரும். மாதா கோயிலில் வேதம் வாசித்துவிட்டு, அதே வெள்ளைச் சேலையோடு ரப்பர்த் தோட்டத்து லயத்தின் முன்நடையில், அஞ்சடியில், வந்து உட்காருவீர்கள். நாங்கள் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் சுற்றி உட்கார, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி வாசிப்பீர்கள். எனக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் இருப்பது ஒரு புத்தகம், கேட்பது பத்துக் காது. வாசித்து முடித்ததும் புத்தகத்தை என் மடியில் போடுவீர்கள். "இந்தா தங்கச்சி, புடிச்ச எடத்த திரும்பப் படிச்சிக்கிட்டு நாளைக்குக் குடு" என்பீர்கள்.

இங்கே ஈப்போவில் வாசகர் வட்டம் ஒன்று நடக்கிறது. வருஷக் கடைசியில் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் கூடி, அந்த வருஷம் படித்த நாவல்களில் மனசில் நின்ற மூன்றைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். இந்த முறை என்னையும் எழுப்பிவிட்டார்கள். பெரிய பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பயப்படவில்லை, அக்கா.

முதலில் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களைப் பற்றிய புது நாவலைச் சொன்னேன். குடியுரிமை கிடைக்காமல் கப்பலேறிப் போன ஒருவரைச் சொந்த ஊரில் சாகும்வரை 'மலேயாக்காரர்' என்றே கூப்பிடுகிறார்கள். படிக்கும்போது என் கொழுந்தனார் முகம்தான் தெரிந்தது என்றேன். இரண்டாவது, ஒரே அடுப்படியில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு பேசாமலே இருக்கும் மாமியார் மருமகள் கதை. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்த அன்று மற்றவள் எதுவும் பேசாமல் இரண்டு அடுப்பையும் பற்றவைக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூன்றாவதாக இந்த நாவல். சௌந்தரவல்லி, கும்பகோணத்துப் பக்கம், புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். மறுபதிப்பில் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் படிக்கவில்லை. அது மனப்பாடம், உங்கள் குரலில் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு குரலை, அது என் குரலே ஆனாலும், வைக்க மனசில்லை. எழுந்து நின்று அப்படியே சொன்னேன்.

"விடியக்காலையில புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மொத பஸ் ஏறுறா. டவுன்ல ஒரு சீனக்காரம்மா வீட்டு மாடியில ரூம் எடுக்குறா. கையுறை பெக்டரியில வேலைக்குச் சேர்றா. கடைசியில புள்ளைங்களோட போட்டோ புடிச்சி ஊருக்குத் தபால்ல போடுறா. அதுதான் எனக்குப் புடிச்ச முடிவு."

வகுப்பறையே சிரித்தது. காப்புறுதி விற்கும் ஒரு தம்பி, பின்வரிசைக்காரன், எழுந்தே விட்டான்.

"பாட்டி, கும்பகோணத்துல ஏது பாட்டி சீனக்காரம்மா? ரூமோட சேர்த்து சாப்பாட்டுக்குக் கொய்த்தியாவும் பெரட்டிக் குடுத்தாங்களா லா?"

நானும் சிரித்தேன், அவன் என்ன சொல்கிறான் என்று புரியாமலே. வட்டத்தின் தலைவி, ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டீச்சர், கையை உயர்த்தினார்.

"பகிடி விடாதையும் தம்பி. அம்மா, நீங்கள் கடைசி அத்தியாயம் வாசிச்சனீங்களோ? அவள் பிள்ளையளையும் கொண்டு ஆத்தில இறங்கிறாளெல்லோ. அதோட கதை முடியுது."

"இல்ல டீச்சர். நான் கேட்டிருக்கேன். வேதம் வாசிக்கிற வாயி அது, ஒரு எழுத்து மாத்தாது."

டீச்சர் தன் பிரதியை நீட்டினார். நின்றபடியே படித்தேன். ஆறு. ஈர மணலில் ஒரு பெரிய காலடி, பக்கத்தில் சின்னக் காலடிகள். பிறகு வெறும் மணல். முடிந்தது. பஸ் இல்லை. அறை இல்லை. போட்டோ இல்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பேத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பாட்டி, சும்மா கதைதானே பாட்டி" என்றாள்.

சும்மா கதை. அந்தக் கதையை நம்பித்தானே அக்கா நான் தோட்டத்தை விட்டு வந்தேன்! பெரியவள் படிப்பை விடுகிறேன் என்று அழுதபோது, "சௌந்தரவல்லி அழுதாளா?" என்று அதட்டினேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளை நினைத்துக்கொள்வேன், வேலை போய்விட்டது என்றால் அவளை நினைத்துக்கொள்வேன். அவள் பஸ் ஏறவே இல்லை என்று இந்த வயதில் தெரிந்தால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரப்பர் பால் லாரி கவிழ்ந்து இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வேலை முடிந்ததும் நான் தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் தோண்டிய ஆழக் குட்டைப் பக்கம் போய்த் தண்ணீரையே பார்த்து நிற்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்று கடைசி அத்தியாயம் வாசித்தபோது உங்கள் விரல் நாக்குக்குப் போகவே இல்லை. ஒரே பக்கம் விரிந்து கிடந்தது. கதை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த என்னைப் பார்க்காமல், புத்தகத்தையே பார்த்து வாசித்தீர்கள். முடிந்ததும் மடியில் போடவில்லை. துணிப்பைக்குள் வைத்துவிட்டு, "கடைக்காரரு அவசரமாக் கேட்டாரு தங்கச்சி" என்றீர்கள். எனக்கு அன்று கோபம்கூட வந்தது.

கும்பகோணத்தில் சீனக்காரம்மா எப்படி என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்போம்? பிறந்ததிலிருந்து டவுன் என்றால் எங்களுக்குச் சீனர் கடை, சீனர் வீட்டு மாடி. கும்பகோணம் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்!

அடுத்த வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"செமோருக்கு நடந்துட்டா மொத பஸ் இருக்கு. ஜெலாப்பாங் பெக்டரியில பொம்பளைங்கள வேலைக்கு எடுக்குறாங்க. ரூமுக்கு இந்தச் சீட்டுல உள்ள வீட்டுக்குப் போ."

"நீங்களும் வாங்கக்கா."

"நா எங்க லா வாரது? குடிகாரன வுட்டுட்டு வந்தா மாமியாக்காரிய யாரு பாக்குறது? நீ போ. போட்டோ புடிச்சி தபால்ல போடு. வருஷா வருஷம் புதுசா போடணும்."

போனால், கதையில் வந்தது போலவே சீனக்காரம்மா, கதையில் வந்தது போலவே மாடி அறை! 'பார்த்தாயா, நாவல் எழுதினவருக்கு என் தலையெழுத்து தெரிந்திருக்கிறது' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நல்லவேளை, நீங்கள் சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை.

ஆனால் அக்கா, ஆற்றைவிட இன்னொன்றுதான் என்னை அடித்துப் போட்டது. அன்று கதவைத் திறந்த அந்தச் சீனக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரிந்த அரைகுறை மலாயில் முதலில் கேட்டது, "புத்தகப் பை வைத்திருக்கும் அம்மா வரவில்லையா? அறை அவளுக்கென்று சொன்னாளே" என்று. ஆள் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, சாவியை வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து, டீச்சர் நீட்டிய புத்தகத்துக்குப் பிறகு, அந்தக் கேள்வி இப்போதுதான் எனக்குக் கேட்டது.

சம்பள ஞாயிறுதோறும் ஈப்போ போனீர்களே. பஸ் நேரம், தொழிற்சாலை, வாடகை அறை எல்லாம் அப்படித்தான் தெரிந்ததா? சௌந்தரவல்லிக்கு என்று எதையும் நீங்கள் இட்டுக்கட்டவில்லை. உங்களுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துப் புத்தகத்தில் இருப்பதுபோல் வாசித்துவிட்டீர்கள். வாசித்ததும் அது என்னுடையதாகிவிட்டது. நீங்கள் திரும்பி லயத்துக்குள் போய்விட்டீர்கள்.

அடுத்த கூட்டத்தில் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "என் மூணாவது நாவல மாத்த மாட்டேன் டீச்சர். ஆனா நான் சொன்னது அச்சுல வரல. எழுதுனவங்க வேற." பின்வரிசைத் தம்பி இந்த முறை சிரிக்கவில்லை. "அந்த நாவல் எங்க கெடைக்கும் பாட்டி?" என்றான். முன்வரிசையில் இருக்கும் பேத்தியைக் காட்டினேன்.

இந்தத் தீபாவளிக்கு எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுத்தோம். கிண்ணத்தோடு பேரன், நடுவில் நான். ஆயர் தாவாரில் இருக்கும் உங்கள் மகள் பெயருக்குத் தபாலில் போடுகிறேன். நீங்கள் கடைசியில் அவளோடு போய் இருந்து கண்மூடிய வீடல்லவா. வருஷா வருஷம் என்னிடம் படம் கேட்டீர்கள், நானும் அனுப்பினேன், உங்கள் படம் ஒன்றை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே! என்னிடம் உங்கள் முகம் இல்லை, அக்கா. அவளுக்கும் நாலு வரி எழுதியிருக்கிறேன்: அம்மாவின் பழைய அடையாள அட்டைப் படம் வேண்டாம், கண்ணு. ஆயர் தாவாருக்கு வந்த பிறகு எடுத்த புதுப் படம் இருக்கிறதா என்று தேடிப் பார். தோட்டத்துக்கு வெளியே, அவர்கள் ஏதாவது ஒரு வாசலில் நிற்கிற மாதிரி ஒன்று. கிடைத்தால் தபாலில் போடு.