காலு என்னுதுங்க

அருள்புரம்

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் நலம், அதுவும் எழுந்து நின்று நலம். அங்கே டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். வலது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டேன் கண்ணு. ஆமாம், நீ வேண்டாமென்று சொன்ன பிறகுதான். கோபித்துக்கொள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி எல்லார் முன்னாலும் விழுந்தேனே, அன்றைக்குச் சூப்பர்வைசர் ராஜ்கமல், இனி வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் அக்கா என்று நல்ல மனசோடுதான் சொன்னான். நீயும் அதையே சொன்னாய், கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்கிறேன் என்றாய். பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் நின்றே உன்னைப் படிக்க வைத்தவள் நான், என்னை எங்கே உட்கார வைப்பதென்று ஆளாளுக்கு முடிவு செய்தால் எனக்கு எப்படி இருக்கும்? நேரே கோயம்புத்தூர் போய் டாக்டரைப் பார்த்தேன். சின்னதாகக் கீறி, தசையை அதிகம் வெட்டாமல் விலக்கிவிட்டு மூட்டை மாற்றும் முறை இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துவராது, உங்களுக்கு ஒத்துவரும் என்றார். உன் டேனியல் சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏனுங்க அண்ணி, ஆம்பளை இல்லாம ஆசுபத்திரியில யாருங்க கையெழுத்துப் போடுவா?" என்றார். "காலு என்னுதுங்க, கையெழுத்தும் நானே போட்டுக்கறனுங்க" என்றேன். துணைக்குப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் வந்தாள், சங்கரன்கோவில்காரி, "நான் இருக்கேன்லா அக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு.

வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆபரேஷன் அன்றைக்கே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள், மறுநாள் முழங்காலை மடக்கச் சொன்னபோது வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சின்னத்தாய் அழுதாள், அவளை அதட்டிவிட்டு மறுபடி மடக்கினேன். அப்போது பார்த்து உன் சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே அண்ணி" என்று பழைய பாட்டையே தொடங்கினார். நர்ஸைக் கூப்பிட்டு, வாக்கரைப் பிடித்து, லிப்ட் வரைக்கும் நடந்துபோய் அவரை வழியனுப்பினேன். கதவு திறந்தும் அவர் ஏறவில்லை. "அண்ணி, எங்கூட்டுக்காரிக்கும் ரெண்டு முட்டியும் வலிங்க, அந்த டாக்டரு என்னிக்கு இருப்பாருன்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்றார். சிரிப்பை அடக்கியதில்தான் கால் அதிகம் வலித்தது.

டாக்டர் சரியென்றதும் வேலைக்குப் போவேன், உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் போட்டுவிடு என்று ராஜ்கமலிடம் சொல்லியாகிவிட்டது. உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்க இந்தக் காலை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவார். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. என்னைக் கூட்டிப்போக வராதே, பார்க்க வா. பஸ் ஸ்டாப்புக்கு நானே நடந்து வந்து நிற்பேன்.

உன் அம்மா,
கோமளா