கார்ப்பெட்டுக்கு அடியில் நான் போட்ட வெல்டிங்

தம்பி,

அந்த கார் வியாபாரி எனக்குத் தர வேண்டிய கூலி பதினெட்டாயிரத்து நானூறு. "சிவப்பு வண்டி விக்கட்டும் பெரியவரே, மறுநாளே தரேன்" என்று நாலு மாதமாக இழுத்தடித்தான். நேற்று நீ போட்டோ காட்டியபோதுதான் தெரிந்தது, அதை வாங்கப்போகிறவனே நீ என்று.

ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது என்றாய். போகும்தான். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெல்டிங் தழும்பு இருக்கும். அடிபட்ட இரண்டு வண்டிகளில் உருப்படியான பாதிகளைச் சேர்த்து நான்தான் ஒட்டினேன். வேகத்தில் இடித்தால் அங்கேதான் பிரியும்.

"எழுதப் படிக்கவே போன வருஷம்தான் கத்துக்கிட்டீங்க, ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும், அப்பா?" என்று கேட்டாய். நான் செய்த வேலையை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி ஜன்னல் மேல்.

பின்குறிப்பு: வியாபாரிக்கு போன் செய்துவிட்டேன். என் கூலி வேண்டாம், என் மகன் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்றேன். ஒத்துக்கொண்டான். பத்து மணிக்குப் போய் வாங்கிக்கொள். எதிலும் கையெழுத்துப் போடாதே.

என் கணக்கு தீர்ந்தது. அடுத்து எவர் பிள்ளை அந்த வண்டி முன்னால் போய் நிற்கப்போகிறானோ.