வெட்டாமல் சொன்ன விடை

நண்பா,

இன்று காலை மழை விட்டதும் வாசலில் கிடந்த செய்தித்தாளில் ஒரு மண்புழு ஏறிவிட்டது. "நாக்குப்பூச்சி ஏறிக்கினு இருக்குது, தள்ளுங்க" என்று துடைப்பத்தோடு வந்தாள் என் மனைவி. "இரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தேன். மெல்லிய சரசரப்பு. நீ போய் ஆறு வருஷமாகிறது.

சென்னையில் நாம் விலங்கியல் படித்தபோது நீதான் இதைக் காட்டினாய். "கேளுப்பா, அது உடம்பு முள்ளு காயிதத்துல உரசுது. அட்டைய வுட்டுப் பாரு, சத்தமே வராது." வளையமும் முள்ளும் இருந்தால் மண்புழு. வளையம் இருந்து முள் இல்லாவிட்டால் அட்டை. வளையமே இல்லாமல் வழவழவென்று உருண்டிருந்தால் வயிற்றுப் பூச்சி, அது வேறு குலம். நாடா மாதிரித் தட்டையாக இருந்தால் அது இன்னொரு குலம். பட்டுப்புழு புழுவே இல்லை, கணுக்கணுவான கால் இருப்பதால் இறாலுக்குப் பங்காளி என்றாய். பட்டுத் தறிக்காரன் மகனான நான் அன்று உன்னோடு சண்டைக்கே வந்துவிட்டேன்.

நீ திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பிள்ளை, உயிரைக் கொல்லமாட்டாய். செய்முறைப் பரீட்சையில் ஆளுக்கொரு உயிருள்ள மண்புழுவும் கத்தியும் கொடுத்தார்கள். நீ புழுவைக் காகிதத்தில் விட்டு, அது எந்தக் குலம், ஏன் என்று வரிசையாகச் சொன்னாய்.

"சொன்னது போதும், வெட்டிக் காட்டு" என்றார் பரீட்சகர்.

"வேணாங்க. எங்க வீட்டுக் கணக்குல இதுக்குத் தொடுறது, ருசின்னு ரெண்டு புலன். காலேஜ் கணக்குல நூத்துக்கு மேல வளையம். ரெண்டுலயும் இது உசிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் வெட்டினேன். முதுகுப் பக்கம் திறக்க வேண்டியதை வயிற்றுப் பக்கம் திறந்து நரம்பையே அறுத்துத் தொலைத்தேன். எனக்குப் பாஸ், உனக்கு இல்லை. மறுவருஷமும் போய் அதே பதிலைச் சொல்லி, அதே முடிவை வாங்கி வந்தாய். பட்டமும் இல்லை, வாத்தியார் வேலையும் இல்லை. காய்ச்சலில் நீ போன அன்று உன் வாசலிலேயே ஒருவர், "அவ்ளோ படிச்சும் பாஸாவலையேப்பா, பாவம்" என்றார். பாவமாம்! அந்த அறையில் பாடம் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

இந்த வருஷம், வாத்தியாராகிவிட்ட என்னையே பரீட்சகராக அனுப்பினார்கள். உயிரோடு வைத்து விளக்கினாலும் முழு மார்க்கு உண்டு என்று அறிவித்தேன். மூன்று பேர் கத்தியைத் தொடவில்லை. மூவருக்கும் போட்டேன். விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. "விடை சரி, போட்டேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். இனி என்னை அழைக்க மாட்டார்களாம். அழைக்காமல் போகட்டும்!

உன் பக்கத்து மேஜையில் நின்றபோதே சொல்லியிருக்க வேண்டியது அந்த "விடை சரி". இப்போதாவது சொல்லிவிட்டேன். ஆனால் அன்று சிரித்தேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவதென்றுதான் தெரியவில்லை.