மூன்றாவது சொட்டு

அன்பு மாறாத ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் கண்மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் பெர்மாஸ் ஜெயாவிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பீர்களே, உலு திராமில் நான் ஏறும்போது இப்போது இரண்டு இடமும் காலியாகவே இருக்கின்றன. யாராவது உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது, உட்காராவிட்டாலும் வருகிறது.

விண்வெளிக்குப் போகும் கருவிக்கு லென்ஸ் பொருத்துகிறோம் என்றால் என் மாமியார் இன்னும் நம்பவில்லை. "பசை போட்டு ஒட்டுனா ஆவாதா?" என்கிறார். அங்கே பசையிலிருந்து ஆவி கிளம்பி லென்ஸில் படிந்துவிடும் என்று உங்களைப் போல் பொறுமையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆவாது" என்று மட்டும் சொன்னேன்.

கடுகிலும் சின்ன ஈயக் குண்டை லேசர் உருக்கும். லென்ஸின் ஓரத்துக்கும் உலோக வளையத்துக்கும் நடுவில் அது சொட்டாக விழும். ஆறும்போது லென்ஸைத் தன் பக்கம் இழுக்கும். அது அடங்கிய பிறகுதான் எதிர்ப்பக்கம் அடுத்த சொட்டு. நீங்கள் திரையைப் பார்த்து லென்ஸை நேராக நிறுத்துவீர்கள், சொட்டு விழ நான் பெடலை மிதிப்பேன். மெஷினில் கடிகாரம் இருந்தும், சொட்டு ஆறும்வரை நீங்கள் முகமூடிக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வீர்கள். முருகனுக்குக் காவடி எடுக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

நீங்கள் வேலைக்கு வந்த கடைசி நாளன்று உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஜெபம் நீண்டுகொண்டே போனது. எனக்கோ பஸ் போய்விடும் என்ற பயம். நீங்கள் முடிக்கும் முன்பே மூன்றாவது சொட்டுக்கு மிதித்துவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"பரவால்ல லா, நாளைக்கு அளந்து பாக்கலாம்" என்றீர்கள். மறுநாள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

லென்ஸ் சரிந்திருந்தது, அக்கா. லென்ஸை நிறுத்தியவர் பெயரைத்தான் ரிஜெக்ட் தாளில் எழுதுவார்கள், அதனால் உங்கள் பெயர் இருக்கிறது. போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் லாக்கர் சாமான்களை வாங்க வந்தார். இன்ஜினியர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "கடைசி பீஸ் ரிஜெக்ட் ஆயிருச்சு அங்கிள். உடம்பு முடியாம கை நடுங்கியிருக்கும். யாரும் தப்பா நினைக்கல."

"ஆஸ்பத்திரி கட்டில்ல உக்காந்துகூட ஊசியில நூல் கோத்தாளே சார்" என்றார் அவர், உங்கள் செருப்பைப் பையில் வைத்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானே பக்கத்துல இருந்த. கை நடுங்குச்சாம்மா?"

"நடுங்கியிருக்கலாம்ணே" என்றேன்.

அன்றிலிருந்து கேண்டீனில் தனியாகச் சாப்பிடுகிறேன். கூப்பிடுகிறார்கள், போகப் பிடிக்கவில்லை. நடந்தது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதில் நீங்கள் இல்லை, நான் பொய் சொல்லிவிட்டேன். அன்று திரும்பிப் பார்த்தீர்களே, திட்ட நினைத்தீர்களா? ஏன் திட்டவில்லை?

ஊரறியத் தப்புச் செய்யவில்லை, ஆனாலும் பத்திரிகையில் ஊரறிய எழுதுகிறேன், இனி பின்வாங்க முடியாதபடி. திங்கட்கிழமை அந்தத் தாளில் என் பெயரைப் போடச் சொல்வேன். பெடலிலிருந்து என்னை எடுத்துவிட்டால் எடுக்கட்டும். அதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வீட்டுக்காரர் திரும்பும் நேரத்துக்கு உங்கள் வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: "அக்கா கை நடுங்கலண்ணே. என் காலுதான் அவசரப்பட்டுச்சு."

உங்கள் தங்கை என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
லெட்சுமி