ஓயாங் ஆன்ட்டியின் பூஜ்ஜியம்

ஜூன் 3, செவ்வாய்

முதியோரின் பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளைச் சீனத்தில் மொழிபெயர்த்தது நான். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க சீனர்கள் அதிகம் வாழும் பாக்ஸ் ஹில் வட்டாரத்தில் வீடு வீடாக அலைவதும் நானேதான். என் தலையெழுத்து.

இன்று ஓயாங் ஆன்ட்டி. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். மேசையில் ஃபிளாஸ்கில் சாய்த்து வைத்த போன். கேமரா எங்களைப் பார்த்தபடி, திரை கறுப்பாக. "என் மகன். பெர்த்துல இருக்கான். நான் விழுந்துடுவேன்னு பாத்துக்கிட்டே இருப்பான்." கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன்.

எல்லாக் கேள்விக்கும் "இல்ல". ஒவ்வொரு முறையும் போனைப் பார்த்துவிட்டுத்தான். நடுவில் ஆரஞ்சு உரித்துத் தந்தார்; தோலை மட்டும் பொடிப்பொடியாகக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 4

மதிப்பெண் பூஜ்ஜியம், அதாவது பதற்றமே இல்லையாம். "கேள்வி புரியலையோ?" என்றாள் ஹெலன், என் மேலாளர். எனக்குச் சுருக்கென்றது. "எங்க சீன ஆளுங்க வீட்டு விஷயத்த வெளிய சொல்ல மாட்டாங்க. மானம் போயிடும்" என்றேன். ஆய்வுக் குறிப்பிலும் அதையே எழுதினேன்.

ஜூன் 9

அந்த வீட்டில் யாரோ இருமினார்கள். ஆன்ட்டி இல்லை. ஏன் இப்போது நினைவுக்கு வருகிறது?

ஜூன் 17

பதில்கள் மாறுகின்றனவா என்று பார்க்க இரண்டாம் முறை. ஆன்ட்டி பாதியாக இளைத்திருந்தார். நடுவில் எழுந்து போனையும் கையோடு எடுத்துக்கொண்டார். "பாத்ரூம் போறேன், ஐயா."

பெற்ற மகனையா ஐயா என்பார்கள்?

திரும்பி வந்தார். நான் கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அப்போது போன் பேசியது — தன்மையான ஆண்குரல்:

"அடுத்த கேள்வியக் கேளும்மா."

கேட்டேன். கடவுளே, கேட்டேனே! கடைசிக் கேள்விவரை. கீழே இறங்கி வந்துதான், படிவத்தில் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த எண்ணில் மகன் வெய்மினைக் கூப்பிட்டேன். "நான் அம்மாகிட்ட பேசியே ஒரு மாசம் ஆகுதுங்க."

ஜூன் 18

போலீஸ் போனை வாங்கிவிட்டது. அந்தக் குரல் தன்னைச் சீனப் போலீஸ் அதிகாரி என்று சொல்லியிருக்கிறது. ஆன்ட்டி மேல் வழக்காம். போனை அணைத்தாலோ வெளியே சொன்னாலோ மகனைக் கைது செய்வார்களாம். எல்லாம் பணம் பறிக்கும் மோசடி. தூங்கும்போதும் கேமரா தலைமாட்டில். இதற்குத்தான் மானம் என்று பேர் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 8

ஆன்ட்டியே கூப்பிட்டார், இந்த முறை உண்மையைச் சொல்கிறேன் என்று. வெய்மின் வந்திருக்கிறான்; சோபாவில் தன் போனில் மூழ்கியிருந்தான். மளமளவென்று "ஆமா" சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு கேள்வியில் நின்றார்.

"தனியா இருக்கறப்ப பயமா இருக்கா, ஆன்ட்டி?"

"முன்ன இல்ல. அந்தப் போலீஸ்காரரு தினமும் சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு கேப்பாரு." மகனை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இப்பத்தான்."